உதவி: ஹெச்ஆர்வி 31-லேருந்து ஒரே தூக்கா 142! சந்தோஷப்படவா, பயப்படவா?

தெப்பக்குளம்_நடை | வெள்ளி, காலை 6:12

அவசரம். தினமும் எழுந்ததும் ஹெச்ஆர்வி (இதயத் துடிப்புகளுக்கு நடுவுல உள்ள இடைவெளி எவ்வளவு மாறுதுங்குற அளவு) பாப்பேன். எப்பவும் 29, 31, 33ன்னு அதுக்குள்ளதான் நிக்கும். செவ்வாய் 103. புதன் 30. நேத்து 142! செயலி பச்சை காட்டி "முழுசா தேறிட்டீங்க, இன்னிக்குக் கடுமையா பயிற்சி பண்ணலாம்"ங்குது. உடம்பு என்னடான்னா அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. ஞாயித்துக்கெழமை 10 கி.மீ. ஓட்டம், பணம் கட்டியாச்சு. ஹெச்ஆர்வி கூடுனா ஸ்ட்ரெஸ் கொறஞ்சிருச்சுன்னுதானே அர்த்தம்? ஓடலாமா?

வைகை_வறண்டது | காலை 6:31

அண்ணே, தண்ணி. வேற ஒண்ணுமில்ல. இந்தச் சித்திரை வெயில்ல உடம்புல உப்பு, நீர் ரெண்டும் போயிருது. ராத்திரி மோர்ல உப்புப் போட்டு ரெண்டு சொம்பு குடிச்சிட்டுப் படுங்க, சரியாயிரும்.

பசுமலையான் | காலை 6:44

நீர்ச்சத்து குறைந்தால் நாடித்துடிப்பு ஏறும், ஹெச்ஆர்வி இறங்கும். இவருக்கு ஏறியிருக்கிறது. மோர் நல்லதுதான், ஆனால் இதற்கு விடை அது இல்லை.

தெப்பக்குளம், இதெல்லாம் தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது: அளப்பது மார்புப் பட்டையிலா, கைக்கடிகாரத்திலா? எத்தனை நிமிடம்? படுத்தா, உட்கார்ந்தா? டீ, காபிக்கு முன்பா பின்பா? செயலி காட்டுவது ஆர்எம்எஸ்எஸ்டியா, எஸ்டிஎன்என்னா? வயது? ஏதாவது மாத்திரை?

அளவைக்கோல் | காலை 7:05

மேலே ஒட்டிவைத்திருக்கும் பதிவை யாரும் படிப்பதில்லை என்பது இன்றைக்கும் உறுதியாகிறது. "ஹெச்ஆர்வி 142" என்பது "தக்காளி 40" என்பது போல. கிலோவா, பெட்டியா? எஸ்டிஎன்என் என்பது எல்லாத் துடிப்பு இடைவெளிகளின் திட்டவிலக்கம். ஆர்எம்எஸ்எஸ்டி என்பது அடுத்தடுத்த இடைவெளிகளின் வித்தியாசத்தை வர்க்கமாக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் கண்டது. இரண்டும் மில்லி வினாடியில்தான் வரும். அதனாலேயே மக்கள் ஒன்றை மற்றொன்றோடு வைத்துப் பார்த்துக் குழம்புகிறார்கள். சில செயலிகள் ஆர்எம்எஸ்எஸ்டிக்கு மடக்கை எடுத்து 100-க்கு மதிப்பெண் போட்டும் காட்டும்.

எஸ்டிஎன்என் 50-க்குக் கீழே என்றால் ஆபத்து என்று எங்கோ படித்துவிட்டு நாளை யாராவது வருவார்கள். அது 1987-இல் கிளைகர் குழுவினர் மாரடைப்பு வந்து பிழைத்தவர்களிடம் 24 மணி நேரப் பதிவில் கண்டது. ஒரு நிமிடச் செயலிக்கு அது பொருந்தாது. முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

தெப்பக்குளம்_நடை | காலை 7:20

மார்புப் பட்டை. ஒரு நிமிஷம். படுத்துக்கிட்டே. செயலில ஆர்எம்எஸ்எஸ்டின்னு சின்ன எழுத்துல போட்டிருக்கு. வயசு 43. டீக்கு முன்னாடி.

ஆரப்பாளையம்_அலை | காலை 7:48

ஒற்றை எண்ணை விட்டுத்தள்ளுங்க சார். எல்எஃப்/ஹெச்எஃப் விகிதம் பாருங்க, அதாவது இடைவெளி மாற்றத்துல மெதுவான அலைக்கும் (எல்எஃப்) வேகமான அலைக்கும் (ஹெச்எஃப்) உள்ள விகிதம். 2-க்கு மேல போனா உடம்பைப் பரபரப்பாக்குற பரிவு நரம்பு மண்டலம் ஓங்கிருச்சு, அதாவது ஸ்ட்ரெஸ். செயலில ரெண்டாவது பக்கத்துல இருக்கும்.

பசுமலையான் | காலை 8:10

ஒரு நிமிடப் பதிவில் எல்எஃப் பார்க்கவே கூடாது. எல்எஃப் அலைவரிசை 0.04 முதல் 0.15 ஹெர்ட்ஸ். 0.04 ஹெர்ட்ஸ் அலை ஒன்று முடியவே 25 வினாடி ஆகும். 1996-இல் ஐரோப்பிய இதயவியல் கழகமும் வட அமெரிக்க பேஸிங் (இதயத் துடிப்பு முடுக்கம்) சங்கமும் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறையில் ஹெச்எஃப்-க்கு ஏறக்குறைய 1 நிமிடம், எல்எஃப்-க்கு 2 நிமிடம் தேவை, குறும்பதிவு என்றால் 5 நிமிடம் என்று இருக்கிறது.

ஆரப்பாளையம்_அலை | காலை 8:22

சரி, 5 நிமிஷம் எடுக்கட்டும். விகிதம் விகிதம்தானே?

அளவைக்கோல் | காலை 8:41

இல்லை. 5 நிமிடம் எடுத்துக்கொண்டு, நிமிடத்துக்கு 6 மூச்சு வீதம் நிதானமாக விடுங்கள். 6 மூச்சு என்றால் 0.1 ஹெர்ட்ஸ். மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும் துடிப்பு முழுவதும் ஹெச்எஃப்-இலிருந்து எல்எஃப்-க்குக் குடிபெயர்ந்துவிடும். பிராணாயாமம் செய்து அமைதியாகப் படுத்திருப்பவருக்கு உங்கள் விகிதம் "கடும் மன அழுத்தம்" என்று தீர்ப்பு எழுதும். எல்எஃப்-இல், இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பங்கும், ரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் அனிச்சையின் பங்கும் கலந்தே இருக்கின்றன. 2013-இல் ஆய்வாளர் பில்மன் இதைத் தெளிவாக எழுதிவிட்டார். இன்னும் அதே பல்லவி.

ஆரப்பாளையம்_அலை | காலை 8:50

பல்லவியா? பதில் சொல்றப்ப மரியாதை இருக்கட்டும் சார்.

செல்லூர்_தறி | காலை 9:15

ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. அந்த அண்ணன் ஓடலாமா வேணாமான்னு கேட்டு மூணு மணி நேரம் ஆச்சு.

தெப்பக்குளம் அண்ணே, 30-லேருந்து 103-க்கு ஒரு நாள்ல போய் மறுநாளே 30-க்கு வந்துச்சுன்னா அது நரம்பு மண்டலம் பண்ற வேலையா தெரியல. ஒண்ணு, பட்டை துடிப்பைத் தப்பா பிடிச்சிருக்கு. இல்லைன்னா துடிப்பே ஒழுங்கு தப்பி வந்திருக்கு. செயலில "ஆர்ஆர் இடைவெளி" (ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எத்தனை மில்லி வினாடி) கோப்பை வெளியே எடுக்க வழி இருக்கும். செவ்வாய்க்கிழமைக் கோப்பைத் திறந்து, வரிசையா வர்ற எண்கள்ல எங்க துள்ளுதோ அந்த இடத்தை மட்டும் இங்க ஒட்டுங்க.

அழகர்மலை_மூலிகை | காலை 9:40

இதைத்தான் நம் சித்தர்கள் மூன்று விரலில் பார்த்தார்கள். வாதம், பித்தம், கபம். பட்டையும் வேண்டாம், கோப்பும் வேண்டாம்.

அளவைக்கோல் | காலை 9:52

விரலால் 30 மில்லி வினாடி வித்தியாசம் உணர முடியுமா? வினாடியில் நூற்றில் மூன்று பங்கு, ஐயா.

தெப்பக்குளம்_நடை | காலை 10:26

இந்தாங்க, செவ்வாய். இந்த ஒரு இடத்துலதான் துள்ளுது:
882, 901, 874, 893, 561, 1212, 888, 905, 879

செல்லூர்_தறி | காலை 10:58

அந்த 561, 1212 ரெண்டுதான் ஆளு. கணக்குப் போட்டே பாப்போம்.

893-லேருந்து 561: வித்தியாசம் 332, வர்க்கம் 1,10,224. 561-லேருந்து 1212: 651, வர்க்கம் 4,23,801. 1212-லேருந்து 888: 324, வர்க்கம் 1,04,976. மூணும் சேர்ந்து 6,39,001.

ஒரு நிமிஷத்துல உங்களுக்குச் சுமார் 67 துடிப்பு, அதாவது 66 வித்தியாசம். மீதி 63-ம் வழக்கம்போல 30 அளவுல இருந்தா 63 × 900 = 56,700. மொத்தம் 6,95,701. அதை 66-ஆல வகுத்து வர்க்கமூலம் எடுங்க: 103. உங்க செவ்வாய்க்கிழமை எண் அப்படியே வந்துருச்சு. ஒரே ஒரு துடிப்பு செஞ்ச வேலை. இதே மாதிரி ரெண்டு இருந்தா 142 வரும். வியாழன் கோப்பைத் திறந்து எண்ணிப் பாருங்க, ரெண்டு இருக்கும்.

அந்த ரெண்டு எண்ணையும் எடுத்துட்டு 887, 887ன்னு போட்டா மறுபடி 30 வந்துரும். அதான் உங்க அசல் அளவு. பச்சை விளக்கை நம்பாதீங்க.

வைகை_வறண்டது | காலை 11:06

ஆக, ஒரு துடிப்புக்கே இம்புட்டு ஆட்டமா?

பசுமலையான் | காலை 11:30

வர்க்கம் எடுப்பதால் வரும் வினை. பதிவு நீளமானால் அடி குறையும்: இதே ஒரு துடிப்பு 5 நிமிடப் பதிவில் வந்திருந்தால் சுமார் 53-தான் காட்டியிருக்கும். அதுவும் தப்புதான், ஆனால் தப்பு என்று தோன்றாது, அதுதான் இன்னும் மோசம்.

இப்போது கேள்வி, அது பட்டையின் பிழையா, இதயத்தின் துடிப்பா. எண்களிலேயே பாதி தெரியும். பட்டை ஒரு துடிப்பைத் தவறவிட்டால் 890, 1778, 892 என்று ஒன்று இரட்டிப்பாகும். சட்டை உரசலையோ தசை அசைவையோ துடிப்பாக எண்ணிவிட்டால் 340, 551 என்று இரண்டு சின்ன எண்கள் வரும், கூட்டினால் ஒரு துடிப்பின் அளவு. இவருக்கு வந்திருப்பது வேறு. 561 + 1212 = 1773, கிட்டத்தட்ட சரியாக இரண்டு துடிப்பின் அளவு. முந்திக்கொண்டு ஒன்று துடித்து, அடுத்தது காத்திருந்து வழக்கமான தாளத்தில் சேர்ந்துகொண்டிருக்கிறது. கீழறையிலிருந்து முந்தி வரும் துடிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மேலறையிலிருந்து வந்தால் கூட்டுத்தொகை பெரும்பாலும் இரண்டு துடிப்பைவிடக் குறையும். ஆனால் உரசல் சத்தம் துடிப்பின் உச்சியை இடம் மாற்றிக் காட்டினாலும் இதே கோலம் வரலாம். ஆகவே அலையின் வடிவத்தைப் பார்க்காமல் முடிவுகட்ட முடியாது. அதற்கு ஈசிஜி வேண்டும்.

பட்டையைச் சந்தேகத்திலிருந்து விடுவிக்க: உள்பக்கம் துடிப்பைப் பிடிக்கும் இரண்டு பரப்பையும் தண்ணீரில் நன்றாக நனைத்து, மார்புத் தசைக்குக் கீழே நழுவாத அளவு இறுக்கி, இரண்டு நிமிடம் சும்மா படுத்திருங்கள். காலையில் வியர்வை இருக்காது, மின்விசிறிக் காற்றில் தோல் காய்ந்திருக்கும். உலர்ந்த பட்டை பெரும்பாலும் பொய் சொல்லும். பவுடர், எண்ணெய் தடவிய தோலில் மாட்ட வேண்டாம். பாலியஸ்டர் பனியனைக் கழற்றுங்கள், உரசலில் வரும் நிலைமின்சாரமும் கோலத்தைக் கெடுக்கும். பட்டையைத் துவைத்து எத்தனை நாள் ஆயிற்று? உப்புப் படிந்திருந்தால் வெந்நீர் வேண்டாம், சாதாத் தண்ணீரில் அலசினால் போதும். பிறகு 5 நிமிடப் பதிவு எடுங்கள். இனி ஒவ்வொரு நாள் எண்ணையும் பார்த்துத் துள்ள வேண்டாம், 7 நாள் சராசரியைப் பாருங்கள்.

செல்லூர்_தறி | காலை 11:41

அண்ணே, மாத்திரை பத்திக் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல.

தெப்பக்குளம்_நடை | பகல் 12:15

மாத்திரையெல்லாம் இல்லங்க. சளிக்கு மட்டும் திங்கள்லேருந்து மெடிக்கல்ல வாங்கிப் போடுறேன். லேசா காய்ச்சல் இருந்துச்சு. தூக்கம் சரியில்ல, அதனால டீ கொஞ்சம் கூட. அது எதுக்கு?

செல்லூர்_தறி | பகல் 12:22

அது எதுக்கா! முதல் வரில எழுத வேண்டியது அண்ணே.

அட்டையைத் திருப்பிப் பாருங்க. பினைல்எஃப்ரின்னோ சூடோஎஃபெட்ரின்னோ போட்டிருந்தா, மூக்கடைப்பைத் திறக்க ரத்தக்குழாயைச் சுருக்குற மருந்து அது. சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறும், படபடப்பு வரும். அதோட காய்ச்சல், தூக்கமின்மை, கூடுதல் டீ. முந்தி வர்ற துடிப்புக்கு இதெல்லாம் தோது. உங்களுக்கு வந்தது இதனாலதான்னு நான் சொல்லல, ஈசிஜி எடுக்குறப்ப டாக்டர்கிட்ட அந்த அட்டையையும் காட்டுங்க.

நல்ல ஆரோக்கியமா இருக்கவங்களுக்கும் எப்பவாவது ஒண்ணு ரெண்டு முந்தி வரும், அது மட்டும்னா பயப்பட ஒண்ணுமில்ல. மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்த வரலாறு, இதுல ஒண்ணு இருந்தாலும் இழையை மூடிட்டு உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. எதுவும் இல்லைன்னாலும் ஓடுறதுக்கு முந்தி ஒரு ஈசிஜி. காய்ச்சல் அடிச்ச வாரத்துல 10 கி.மீ. ஓட வேணாம். கட்டுன பணம் போனா போகுது.

அழகர்மலை_மூலிகை | பகல் 1:10

விரலுக்குத் தெரியாது என்றவர் இதையும் கேட்டுக்கொள்ளட்டும். நாடி பார்க்கும்போது நடுவில் ஒன்று விட்டுத் துடிப்பது விரலுக்கு நன்றாகவே தெரியும்.

பசுமலையான் | பகல் 1:25

இதில் அழகர்மலை சொல்வது சரி. முந்தி வரும் துடிப்பில் இதய அறை ரத்தத்தால் நிரம்ப நேரம் இருந்திருக்காது. தள்ளும் ரத்தம் குறைவு, மணிக்கட்டுக்கு அலை வந்து சேராமலே போகலாம். விரலுக்கு அது 1773 மில்லி வினாடி இடைவெளியாகத் தெரியும், பச்சை ஒளி விட்டு ரத்த ஓட்டம் பார்க்கும் கைக்கடிகாரத்துக்கும் அப்படியே. பல கடிகாரங்கள் அதைச் சத்தம் போடாமல் நீக்கிவிட்டு 31 என்று காட்டும். பட்டை அணிந்திருந்ததால்தான் இது வெளியே வந்தது.

அளவைக்கோல் | பகல் 1:40

விட்டுத் துடிப்பது தெரியும் என்பதை நான் மறுக்கவில்லை. மாறுபாட்டை அளக்க முடியாது என்றேன். இரண்டும் வேறு. அப்படியே இன்னொன்று: எல்லோரும் "ஹெச்ஆர்வி, ஹெச்ஆர்வி" என்கிறீர்கள். "துடிப்பிடை மாறுபாடு" என்று எழுதலாமே? மாறுவது துடிப்பு அல்ல, இடைவெளி.

ஆரப்பாளையம்_அலை | பகல் 1:52

மெடிக்கல்ல போய் துடிப்பிடைன்னா இடுப்பு வலியான்னு கேப்பாங்க.

தெப்பக்குளம்_நடை | சனி, இரவு 8:47

வியாழன் கோப்புல ரெண்டு இருக்கு. பட்டையை நனைச்சுப் போட்டு இன்னிக்கு 5 நிமிஷம் எடுத்தேன், அதுலயும் ஒண்ணு. ஈசிஜி எடுத்தாச்சு, அதுல ஒண்ணும் மாட்டல. டாக்டர் அட்டையைப் பாத்துட்டு அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னாரு. திங்கள் 24 மணி நேரக் கருவி மாட்டுறாங்க. ஓடல. நன்றி.

செல்லூர்_தறி | சனி, இரவு 9:03

சாதா ஈசிஜி பத்து வினாடிதானே, ஒரு நிமிஷத்துக்கு ஒண்ணு வர்றது அதுல சிக்குறது அதிர்ஷ்டம். 24 மணி நேரக் கருவி அதுக்குத்தான். மாட்டுனதும் குளிக்க முடியாது, அதனால குளிச்சிட்டுப் போங்க, மார்புல எண்ணெய் வேணாம். எப்ப டீ குடிச்சீங்க, எப்ப மாடிப்படி ஏறுனீங்க, எப்ப படபடன்னு இருந்துச்சு, எல்லாத்தையும் நேரத்தோட ஒரு தாள்ல எழுதுங்க. அறிக்கைல மொத்தத் துடிப்பு எத்தனை, முந்தி வந்தது எத்தனைன்னு இருக்கும். ரெண்டையும் இங்க போடுங்க.

வைகை_வறண்டது | புதன், காலை 7:30

அண்ணே, அறிக்கை வந்துருச்சா?

அளவைக்கோல் | புதன், காலை 7:44

வந்தால் எஸ்டிஎன்என்னும் போடுங்கள். இது 24 மணி நேரப் பதிவு, இப்போதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். முந்தி வந்த துடிப்புகளை நீக்கிய பிறகு கணக்கிட்டதா என்று கேட்டுவிட்டுப் போடவும்.