பட்டினி பரம்பரையா இறங்குமா? புழு ஆராய்ச்சியும் நம்ம தோட்டத்துப் பிள்ளைகளும்

கொத்மலைக்காற்று:
வாட்ஸ்அப்பில ஒரு பதிவு சுத்துது. "புழுவைப் பட்டினி போட்டா கொள்ளுப்பேரப் புழு வரைக்கும் அதோட தடம் இருக்கு. தோட்டத்துப் பிள்ளைகள் குள்ளமா இருக்கிறதுக்கும் அதுதான் காரணம். 74 பஞ்சம் நம்ம ரத்தத்தில ஓடுது" என்று. நம்ம இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்கள்ல 1974இல வந்த பஞ்சத்தைத்தான் சொல்லுது. அந்தப் பதிவை நான் வெறும் கதை என்று தள்ளமாட்டேன். ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள, பக்டீரியா தின்கிற சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவில செய்த ஆராய்ச்சி இது. முட்டையை விட்டு வந்ததும் சாப்பாடு இல்லையென்றால் இந்தப் புழு வளராமல் அப்படியே நின்றுவிடும், வாரக்கணக்கில உயிரோட இருக்கும். 2014இல் ஓடெட் ரெக்காவி குழுவினர் 'செல்' இதழில் எழுதினாங்க: அப்படிக் காய்ந்து கிடந்த புழுக்களில உண்டான சில சிறிய ஆர்.என்.ஏக்கள் (எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யணும் என்று கட்டுப்படுத்துற துணுக்குகள்), வயிறார சாப்பிட்டு வளர்ந்த பிறகும் மூன்றாம் தலைமுறை வரைக்கும் போயிருக்கு. டி.என்.ஏ எழுத்து ஒன்றுகூட மாறாமலே. புழுவுக்கு நடக்கிறது மனுசனுக்கு ஏன் நடக்கக்கூடாது?

பயோ_மிஸ்:
ஆராய்ச்சி உண்மை. அந்தப் பதிவு சொல்றதுதான் அதில இல்லை. பட்டினி கிடந்த புழுவோட மூன்றாம் தலைமுறைக்கு என்ன ஆச்சு தெரியுமா? ஆயுள் கூடிச்சு. குள்ளமாகல்ல.

பழைய_கணக்கப்பிள்ளை:
எந்தப் புழுவைச் சொல்றீங்க? பிள்ளைகளுக்கு பூச்சி மருந்து கொடுக்கிறோமே அதுவா, இல்ல தேயிலை வேரைத் தின்கிறதா? மேல்மலைத் தோட்டங்கள்ல அந்த வேர்ப்புழுவால செடி மஞ்சளாகி, கவாத்து வெட்டினாத் துளிர்க்காமப் போனதை நிறையப் பாத்திருக்கேன். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க மண் எடுத்துட்டுப் போவாங்க.

பயோ_மிஸ்:
ரெண்டும் இல்லை ஐயா. மூணும் உருளைப்புழு இனம்தான், ஆனா இது யாரையும் அண்டாமல் மண்ணிலயும் அழுகின பழத்திலயும் சும்மா வாழ்கிறது. மூணு நாளில ஒரு தலைமுறை ஆகிடும், அதனாலதான் ஆய்வுகூடத்துக்கு இதைப் பிடிச்சிருக்கு.

கொத்மலைக்காற்று:
மிஸ், நீங்க ஒரு ஆய்வை மட்டும் எடுத்துப் பேசுறீங்க. 2015இல் டியூக் பல்கலைக்கழக பாஃப் ஆய்வுகூடத்தில இருந்து வந்ததைப் பாருங்க. நீண்ட பட்டினியில இருந்து மீண்ட புழு மெதுவா வளர்ந்தது, சிறுத்தது. அதோட குஞ்சுகளும் சிறுத்துத்தான் இருந்தது, அதுகள் ஈன்றதும் குறைவு. குள்ளம் இறங்கியிருக்குதானே?

பயோ_மிஸ்:
அதே ஆய்வை முழுசாப் படிங்க. சிறுத்தது குஞ்சுகள், அதாவது அடுத்த தலைமுறை. பேரப்புழு வரைக்கும் பட்டினியைத் தாங்கிற சக்தி கூடியிருக்கு, கொள்ளுப்பேரப் புழு வரைக்கும் சூட்டைத் தாங்கிற சக்தி. அதுவும் முதல் தலைமுறையில ஆக மோசமா அடிபட்ட புழுக்களோட வழியில மட்டும்தான். நோஞ்சான் தாய்க்கு நோஞ்சான் குஞ்சு பிறக்க பரம்பரைச் செய்தி எதுவும் தேவையில்லை, முட்டை தரம் கெட்டாலே போதும். அந்த ஆய்வில முட்டை தரமும் குறைஞ்சுதான் இருந்தது.

இன்னொன்று. இந்தச் சிறிய ஆர்.என்.ஏக்கள் தலைமுறை தாண்டினாத் தேய்ந்து போகணும். புழுவில ஏன் தேயல்ல? அதைப் பார்த்துப் பார்த்துப் புதுப் பிரதி எடுக்கிற ஒரு நொதி புழுவுக்கு இருக்கு. முட்டையும் விந்தும் ஆகிற இனச்செல்லுக்குள்ள அதைப் பிடிச்சு வைக்க எச்.ஆர்.டி.ஈ-1 என்று ஒரு புரதமும் இருக்கு. அந்தப் பிரதி நொதி நமக்கு இல்லை. நம்ம கருவில, மரபணு மேல பெற்றோர் விட்ட இரசாயனக் குறிகள் பெரும்பாலும் துடைச்சு எடுக்கப்படும். புழுவில நடந்ததைத் தூக்கி மனுசன் மேல வைக்கிறதுக்கு முன்னால இதுக்குப் பதில் சொல்லுங்க.

டிக்கோயா77:
எனக்கு ஆர்.என்.ஏ எல்லாம் தெரியாது. "ரத்தத்தில இருக்கு" என்று நாமளே சொல்லிட்டா தோட்டத்துத் துரைக்கும் அரசாங்கத்துக்கும் கொண்டாட்டம். 2016 கணக்கெடுப்பில தோட்டத்துப் பிள்ளைகள்ல நூற்றுக்கு 32 பேர் அளவில வயசுக்கேத்த உயரமில்லை, நாடு முழுக்கப் பாத்தா 17. அந்த வித்தியாசம் ரத்தமா, இல்ல நாம வாழுற லயத்து வரிசை வீடா?

கொத்மலைக்காற்று:
நீங்க தலைகீழாப் பாக்குறீங்க அண்ணே. தடம் இருக்கு என்று நிரூபிச்சா நமக்குத் தரவேண்டிய கடன் கூடத்தானே செய்யும்? ஒல்லாந்தில (நெதர்லாந்து) 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில தாய் வயித்தில இருந்தவங்களை ஆறு பத்தாண்டு கழிச்சு சோதிச்சாங்க. ஐ.ஜி.எஃப்-2 என்ற வளர்ச்சி மரபணு மேல இருக்கிற மெத்தில் குறி (டி.என்.ஏ எழுத்தை மாத்தாம அதுக்கு மேல ஒட்டுற இரசாயனக் குறி) குறைஞ்சிருந்தது. அது புழு இல்லை, மனுசன். 74இல மா இல்லாம, பாண் இல்லாம நம்ம கிழவிமார் புள்ளைத்தாச்சியா இருந்தாங்க. வயித்தில இருந்த பெண் சிசுவுக்குள்ள அப்பவே முட்டைகள் உருவாகியாச்சு. அப்ப ஒரே பட்டினி மூணு தலைமுறையைத் தொட்டிருக்கு, இல்லையா?

பயோ_மிஸ்:
தொட்டிருக்கு. நல்லாச் சொன்னீங்க. ஆனா அது நேரடியாப் பட்டது, மரபா இறங்கினது இல்லை. கணக்குப் போடுங்க: 74இல கர்ப்பிணி, வயித்தில இருந்த மகள், அந்த மகளோட முட்டையில இருந்து தொண்ணூறுகள்ல பிறந்த பேத்தி. அந்தப் பேத்தி இப்ப தாய். அவ பிள்ளைதான் இன்றைக்கு கிளினிக்கில நிறுக்கிற பிள்ளை. அந்தப் பஞ்சம் நேரடியாத் தொடாத முதல் ஆள் அதுதான். அந்தப் பிள்ளையில 74 இருக்கு என்று காட்டினாத்தான் உங்க பதிவு நிக்கும். ஒல்லாந்து ஆய்வு வயித்தில இருந்தவங்களோட நிக்குது, கொள்ளுப்பேரனைப் பத்தி எதுவும் சொல்லல்ல.

மலைநாட்டு_மிட்வைஃப்:
உங்க ரெண்டு பேருக்கும் ஒன்று சொல்றேன். நான் தராசில பிள்ளையை வைக்கிறவள். பிறக்கும்போது ஓரளவு நல்லா இருக்கிற பிள்ளைக்கே ஆறு மாசம் தாண்டினதும் கிளினிக் நிறை அட்டையில கோடு சாயத் தொடங்கும். ரெண்டு வயசு வரைக்கும் சாய்ந்துகிட்டே போகும். அம்மா திரும்ப கொழுந்து பறிக்க மலைக்கு ஏறியிருப்பா, பிள்ளை தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு அறையான பிள்ளைக் காம்பராவில. விடிய வெறுந்தேத்தண்ணி, பகலுக்கு கோதுமை மா ரொட்டி, சம்பல். தாய்க்கென்று கொடுக்கிற திரிபோஷா சத்துமா பக்கெட்டை உருண்டை பிடிச்சு வீட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் தின்றுடும். "உனக்குத் தந்தது நீதான் சாப்பிடணும்" என்றா, "அதுகள் பாத்துக்கிட்டு நிக்கையில எப்படி மிஸ்" என்பா. பரம்பரையில குறி இருக்கட்டும், இல்லாமப் போகட்டும். கோடு சாயிற மாசம் எனக்குத் தெரியும், அந்த மாசம் என்ன இல்லாமப் போச்சு என்றும் தெரியும்.

டிக்கோயா77:
👏 மிஸ்.

கொத்மலைக்காற்று:
மிட்வைஃப் மிஸ் சொன்னதை நான் மறுக்கல்ல. ரெண்டும் சேர்ந்தே இருக்கலாம்தானே? 74இல பிறந்தவங்களோட நிறை எழுதின பழைய டிஸ்பென்சரிக் கொப்பி யாரிட்டயாவது இருந்தா அவங்க பேரப்பிள்ளைகளோட ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஐயா, உங்க தோட்டத்தில இருக்கா?

பழைய_கணக்கப்பிள்ளை:
ஆள் வரவு, சம்பளம் எழுதுற செக்ரோல் கூட இல்லை தம்பி. 92இல தோட்டம் கம்பனிக்குக் கைமாறினப்ப பழைய கொப்பியெல்லாம் சாக்கில கட்டிப் போட்டாங்க. அப்புறம் அது எங்க போச்சோ. 74இல ஆளுக செத்தது எனக்கு ஞாபகம் இருக்கு, ஆனா ஞாபகத்தில நிறை எழுதி வைக்கல்லையே.

பயோ_மிஸ்:
அப்ப ஆதாரம் கிடைக்கிற வரைக்கும் அந்தப் பதிவை அனுப்பாம இருங்க.

கொத்மலைக்காற்று:
அனுப்புவேன். கீழே உங்க தலைமுறைக் கணக்கையும், மிட்வைஃப் மிஸ் சொன்னதையும் ஒட்டி அனுப்புவேன். வாசிக்கிறவன் சண்டை பிடிக்கட்டும்.