35 மைலில் தெரியும் எதிரி 15 மைலில் மறைந்துவிடுகிறான்: ரேடார் திரையின் அளவுகளைப் படிக்க உதவி தேவை

சுங்கை சிப்புட் தம்பி

அனைவருக்கும் வணக்கம். டி.சி.எஸ். என்ற கணினி விமான விளையாட்டில் எஃப்/ஏ-18சி ஹார்னெட் போர் விமானத்தைப் பழகி மூன்று மாதம் ஆகிறது. ஏறவும் இறங்கவும் வந்துவிட்டது. ரேடார் மட்டும் பிடிபடவில்லை.

நான் 30,000 அடியில் பறக்கிறேன். எதிரி விமானங்கள் இரண்டு, 15,000 அடியில் நேரெதிரே வருகின்றன. ரேடார் திரையின் தூர அளவை 40இல் வைத்தால் 35க்கு அருகே இரண்டு கட்டங்கள் ஒட்டினாற்போல் தெரிகின்றன. நெருங்க நெருங்க அவை இடமும் வலமுமாக விலகிப் போகின்றன. என்னை இருபுறமும் வளைக்கப் பார்க்கிறார்கள் என்று எண்ணி ஒருவன் பக்கம் திரும்புகிறேன். 15 வந்ததும் இரண்டுமே மறைந்துவிடுகின்றன. அளவை 20, 10, 80 என்று மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. சற்று நேரத்தில் ஏவுகணை வந்து விழுகிறது. நேற்று மட்டும் ஏழு முறை.

அந்த 40 என்பது கிலோமீட்டரா, மைலா? அதைக் குறைத்தால் ரேடார் பார்க்கும் தூரமும் குறைந்துவிடுமா? வீட்டில் ஒரே கணினி. அண்ணன் வேலை முடித்து எழுந்த பிறகு, இரவு ஒன்பதுக்கு மேல்தான் எனக்குக் கிடைக்கும். அதனால் எதை முதலில் சோதிப்பது என்று சொன்னால் பேருதவி.

கூலிம் வாசகர்

எனக்கும் முன்பு இப்படி நடந்தது தம்பி. அளவை எப்போதும் 160இலேயே வைத்துவிடுங்கள், எதுவும் தப்பாது. அதற்கும் சரிவராவிட்டால் விளையாட்டை அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள்.

தாப்பா அக்கா

மறுபடி நிறுவ வேண்டாம் தம்பி, உங்கள் விளையாட்டில் பழுது எதுவும் இல்லை. 160இல் வைப்பதும் உதவாது. 15 மைலில் இருப்பவன் திரையின் அடியோரம் பத்தில் ஒரு பங்கு உயரத்துக்குள் ஒடுங்கிவிடுவான். இரண்டு விமானங்களைப் பிரித்துப் பார்க்கவே முடியாது.

முதலில் அந்த எண். அது கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர்; ஆகவே 40 என்றால் ஏறத்தாழ 74 கிலோமீட்டர். 5, 10, 20, 40, 80, 160 என்ற படிகள் திரையில் எவ்வளவு தூரத்தை வரைவது என்பதை மட்டுமே சொல்கின்றன. ரேடாரின் சக்தி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அதனால்தான் எத்தனை முறை மாற்றியும் உங்களுக்கு எதிரி கிடைக்கவில்லை.

அடுத்து, இருவரும் விலகுவதாகத் தெரிவது. அந்தத் திரை வரைபடம் அன்று. மேலும் கீழும் தூரம்; இடமும் வலமும் கோணம், மொத்தம் 140 பாகை. வரைபடத்தில் நீங்கள் ஒரு புள்ளியாக இருப்பீர்கள். இங்கே திரையின் அடிக்கோடு முழுவதுமே நீங்கள்தான். இருவரும் 2 மைல் இடைவெளியில், விலகாமல் நேராகவே வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 மைலில் அந்த இடைவெளி 3 பாகை. 10 மைலில் ஏறக்குறைய 11 பாகை. 5 மைலில் 23 பாகை. செம்பனைத் தோட்டத்தில் இரண்டு நிரைகளுக்கு நடுவே நின்று பாருங்கள். தொலைவில் இரு நிரைகளும் ஒட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்து மரங்களோ ஒன்று இடக்கைப் பக்கம், ஒன்று வலக்கைப் பக்கம். மரங்கள் எங்கும் நகரவில்லை. அவர்களும் உங்களை வளைக்கவில்லை.

மூன்றாவதுதான் உங்களை வீழ்த்துகிறது: உயரம். இதற்குத் திரையில் தனி அச்சு இல்லை. திரையில் நீங்கள் நகர்த்தும் குறியான கர்சரின் மேலும் கீழும் இரண்டு சிறிய எண்கள் இருக்கும். கர்சர் நிற்கும் தூரத்தில் ரேடார் எந்த உயரத்திலிருந்து எந்த உயரம் வரை பார்க்கிறது என்பதை அவை ஆயிரம் அடிக் கணக்கில் காட்டும். கர்சர் நிற்கும் தூரத்தில் மட்டும்! பலர் கர்சரைத் திரையின் உச்சியில் விட்டுவிட்டு அந்த எண்களை நம்புகிறார்கள்.

என் அம்மா விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகும்போது நெற்றியில் விளக்குக் கட்டிக்கொள்வார். நானும் சிறு வயதில் கூடப் போயிருக்கிறேன். நாலு மரம் தள்ளி நிற்பதன் மேல் வெளிச்சம் விழுந்தால் அடியிலிருந்து கிளை வரை தெரியும். அருகில் வந்துவிட்டால் ஓர் உள்ளங்கை அகலம்தான். வெட்டுக்கோட்டைப் பார்க்கத் தலையைக் குனிந்தே ஆக வேண்டும். உங்கள் ரேடாரின் ஆண்டெனாவும் அப்படித்தான் குனிய வேண்டும்.

கணக்கு எளிது. ஒரு பாகைச் சாய்வு என்பது தூரத்தை நூறால் பெருக்கிய அடி. 35 மைலில் 3,500 அடி, 15 மைலில் 1,500 அடி. எதிரி உங்களுக்குக் கீழே 15,000 அடி. 35 மைலில் ஆண்டெனாவை 4 பாகைக்குச் சற்று மேல் தாழ்த்தினால் போதும். 15 மைலில் 10 பாகை தாழ்த்த வேண்டும். நீங்கள் முதலில் வைத்த சாய்விலேயே விட்டுவிடுகிறீர்கள். அவன் உங்கள் ரேடாரின் அடிவழியாக நுழைந்து வந்துவிடுகிறான். இன்றிரவு கர்சரை அவன்மேல் வைத்து, 35இலும் 15இலும் அந்த இரண்டு எண்களை எழுதி அனுப்புங்கள்.

சுங்கை சிப்புட் தம்பி

அக்கா, எழுதி வைத்தேன். 35 மைலில் மேலே 26, கீழே 4. சாய்வைத் தொடாமல் விட்டபோது 15 மைலில் மேலே 28, கீழே 19. அவனோ 15இல் இருக்கிறான். எண்களைப் பார்த்ததும் எனக்கு உடம்பே சிலிர்த்தது. ஏழு முறையும் இதனால்தான் விழுந்திருக்கிறேன்!

அடுத்த முறை ஆண்டெனாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்திக்கொண்டே போனேன். 11 மைல் வரை இருவரும் தெரிந்தார்கள். பிறகு ஒருவன் சட்டென்று பக்கவாட்டில் திரும்பினான். அவன் மட்டும் மறைந்துவிட்டான். கர்சர் எண்களுக்குள்தான் இருந்தான். இது வேறு கோளாறா?

பட்டர்வொர்த் அண்ணன்

கோளாறு இல்லை தம்பி, அவன் தெரிந்தேதான் திரும்பினான். தரையிலிருந்து வரும் எதிரொலியையும் விமானத்திலிருந்து வரும் எதிரொலியையும் ரேடார் வேக வேறுபாட்டால்தான் பிரிக்கிறது. உங்கள் பார்வைக்குக் குறுக்கே 90 பாகையில் பறப்பவன் உங்களை நெருங்குவதுமில்லை, விலகுவதுமில்லை. அவன் எதிரொலி தரையின் எதிரொலியோடு கலந்து வடிகட்டப்பட்டுவிடுகிறது. மேலிருந்து கீழே பார்க்கும்போது அவனுக்குப் பின்னால் தரை இருப்பதால் இது எளிதில் நடக்கும்.

அதனால் 30,000 அடியிலேயே தங்காதீர்கள். உயரம் ஏவுகணைக்கு நல்லது, மறுக்கவில்லை. ஏவிய பிறகு அவன் உயரத்துக்கு இறங்குங்கள். முடிந்தால் அவனுக்கும் கீழே போய்விடுங்கள். அப்போது அவனுக்குப் பின்னால் வானம்தான் இருக்கும். ஆண்டெனாவை 10 பாகை சாய்க்கும் தேவையும் குறையும். அளவைப் பொறுத்தவரை, எதிரி திரையின் நடுவில் நிற்கும்படி மாற்றிக்கொண்டே வருவது என் பழக்கம்: 20 மைலுக்கு 40, 10 மைலுக்கு 20.

மிக்-29, சு-27 என்ற ரஷ்யப் போர் விமானங்களை ஓட்டும் நண்பர்களோடு சேர்ந்து பறந்தால் கவனம். அவர்கள் சொல்லும் தூரம் கிலோமீட்டரில் இருக்கும். அவர்களுடைய 40 உங்களுக்கு 21 அல்லது 22 மைல்.

இங்கே எங்கள் வீட்டுக்கு மேலே மலேசிய விமானப் படையின் எஃப்/ஏ-18டி விமானங்கள் போகும்போது இன்றும் வாசலுக்கு ஓடிவந்து பார்க்கிறேன். நாடு வாங்கியவை எட்டுதான். அதே குடும்பத்து விமானத்தை நம் பிள்ளை ஒருவன் இவ்வளவு பொறுமையாகக் கற்பது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது.

சுங்கை சிப்புட் தம்பி

அண்ணா, அக்கா, நன்றி. நேற்றிரவு ஏவியதும் 12,000 அடிக்கு இறங்கினேன். 20 அளவில் வைத்து, கர்சரை அவன்மேலேயே நிறுத்தினேன். குறுக்கே திரும்பியவன் ஒரு கணம் மங்கி, மறுபடியும் வந்தான். முதலாமவனை 9 மைலில் வீழ்த்தினேன். இரண்டாமவன் தப்பிவிட்டான். சனிக்கிழமை எங்கள் வீட்டு அண்ணன் ஊரில் இல்லை. கணினி நாள் முழுக்க எனக்குத்தான்.