ஜாஸ்மாஸ்டர் வகை கிடார்: டோன் 10-இல் வைத்தும் சர்ஃப் ஒலி மந்தம், எங்கே தவறு?

கேட்டவர்:

வணக்கம். என்னிடம் இருப்பது ஃபெண்டர் நிறுவனத்தின் ஜாஸ்மாஸ்டர் வடிவில் வந்த, விலை குறைந்த கிடார். 1960களின் தொடக்கத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவில் எழுந்த சர்ஃப் இசையின் கணீர் ஒலி வேண்டும். கிடைப்பதோ கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து வருவது போன்ற ஒலி. டோன், வால்யூம் இரண்டும் 10-இல் இருக்கின்றன.

விவரங்கள்: 10-46 தடிமனுள்ள ரவுண்ட்வூண்ட் (சாதாரண வட்டச் சுற்று) கம்பி, மாட்டி இரண்டு வாரம். கேபிள் 6 மீட்டர். பழைய ஃபெண்டர் சுற்றை ஒட்டிச் செய்த வால்வு ஆம்ப், ஸ்பிரிங் ரிவெர்ப் (எதிரொலி) உண்டு. முதல் ஜாக்கில் செருகினால் சீக்கிரம் கரகரக்கிறது, அதனால் இரண்டாம் ஜாக்கில் செருகுகிறேன். ஒலியை எடுக்கும் காந்தச் சுருள்களில், கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் பிக்அப் சத்தமாகவும் குழைவாகவும் இருக்கிறது, பாலத்துப் பக்கம் இருக்கும் பிரிட்ஜ் பிக்அப்பில் பலமே இல்லை.

பிக்அப் இரண்டையும் மாற்ற வேண்டுமா? டோன் கப்பாசிட்டரில் 473 (0.047 மைக்ரோஃபாரட்) என்று போட்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டு 103 (0.01) போட்டால் ட்ரெபிள் கூடுமா?

முதலாமவர்:

கழற்றுறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. மேல் கொம்புல சின்ன சறுக்கு சுவிட்ச் இருக்கும். அது மேலே தள்ளியிருந்தா ரிதம் சர்க்யூட். அதுல பிரிட்ஜ் பிக்அப் வரவே வராது. நெக் மட்டும், அதுவும் 50 கிலோ ஓம் டோன் பாட் (குமிழுக்கு அடியில இருக்கிற மாறு மின்தடை) வழியா. இருட்டாத்தான் கேக்கும். 1958-ல ஜாஸ் வாசிக்கிறவங்களுக்காக வந்த கிடார், அந்த சுவிட்ச் அவங்களுக்கு வச்சது. கீழே தள்ளிட்டு சொல்லுங்க.

கப்பாசிட்டர் 103 போடலாம், ட்ரெபிள் கொஞ்சம் கூடும்.

இரண்டாமவர்:

கப்பாசிட்டர் பற்றி மேலே சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. டோன் 10-இல் இருக்கும்போது கப்பாசிட்டருக்கு முன்னால் பாட்டின் முழு மின்தடையும் நிற்கிறது. 250 கிலோ ஓமுக்குப் பின்னால் 0.047 மைக்ரோஃபாரட் இருந்தாலும் 0.01 இருந்தாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. டோனை 5-க்குக் கீழே இறக்கும்போதுதான் அந்த மதிப்பு பேசும். கேட்டவர் 10-இலேயே மந்தம் என்கிறார். அப்படியென்றால் அந்தப் பாட்டின் மதிப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அதற்கும் முன்பே உங்கள் கேள்வியில் ஒரு விடை இருக்கிறது. ஃபெண்டர் வகை ஆம்பில் முதல் ஜாக்கின் உள்ளீட்டு மின்தடை 1 மெக் ஓம். இரண்டாம் ஜாக்கில் இரண்டு 68 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் தொடராக நின்று தரைக்குப் போகின்றன, ஆக 136 கிலோ ஓம்தான். சத்தம் பாதியாவதோடு பிக்அப்பின் மேல் பாரமும் ஏறுகிறது. காந்தச் சுருளுக்கு ஓர் ஒத்ததிர்வு முகடு உண்டு. நீங்கள் தேடும் கணீர் அந்த முகட்டில்தான் இருக்கிறது. பாரம் கூடக் கூட முகடு தேய்ந்து மேடாகிவிடும்.

முதல் ஜாக்குக்கு மாறுங்கள். கரகரத்தால் ஆம்பின் வால்யூமைக் குறையுங்கள், அல்லது பிக்அப்பை இறக்குங்கள்.

அடுத்தது கேபிள். சாதாரணக் கேபிளில் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபாரட் வரும். சுருளின் இண்டக்டன்ஸ் 3 ஹென்றி, கிடாரின் உள்ஒயரிங் 100 பிகோஃபாரட் என்று வைத்துக் கணக்கிடுங்கள். 6 மீட்டர் கேபிளில் மொத்தம் 700 பிகோஃபாரட், முகடு 3,470 ஹெர்ட்ஸில் விழும். 3 மீட்டர் கேபிள் என்றால் 400 பிகோஃபாரட், முகடு 4,590 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் வித்தியாசம், செலவு ஒரு சின்னக் கேபிள்.

கேட்டவர்:

சறுக்கு சுவிட்ச் கீழேதான் இருக்கிறது. முதல் ஜாக், நண்பரிடம் வாங்கிய 3 மீட்டர் கேபிள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். போர்வை பாதி விலகிவிட்டது! ஆனால் இன்னும் கணீர் வரவில்லை. நெக் பிக்அப் அப்படியேதான் இருக்கிறது. பிரிட்ஜ் பிக்அப்பின் திருகுகளை முழுக்கத் தளர்த்தியும் அது மேலே வரவில்லை.

மூன்றாமவர்:

திருகைத் தளர்த்தினால் பிக்அப் மேலே வர வேண்டும். வரவில்லை என்றால் அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் செத்துவிட்டது. இந்த வகையில் ஸ்பிரிங் கிடையாது. பிக்அப்பைக் கீழிருந்து தள்ளுவது அந்தத் துண்டுதான், சில வருடத்தில் அமுங்கி அப்பளமாகிவிடும். விரலால் அமுக்கிவிட்டால் உடனே எழும்புகிற அடர்த்தியான ஸ்பாஞ்சை வெட்டி வையுங்கள். பாத்திரம் தேய்க்கும் மெத்து ஸ்பாஞ்ச் வேண்டாம், ஒரு மாதம்கூடத் தாங்காது.

உயரம் அளப்பது எப்படி: தடித்த ஈ கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, கம்பியின் அடிப்பக்கத்துக்கும் காந்தத்தின் தலைக்கும் உள்ள இடைவெளியை மி.மீ. ஸ்கேலால் பாருங்கள். மெல்லிய ஈ கம்பிக்கும் அப்படியே. தொடக்கமாக வையுங்கள்: பிரிட்ஜ் தடித்த பக்கம் 2.0, மெல்லிய பக்கம் 1.6. நெக் தடித்த பக்கம் 2.8, மெல்லிய பக்கம் 2.2. அதன்பின் காதை நம்பி அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருகுங்கள்.

நெக் பிக்அப்பை எல்லோரும் மேலே ஏற்றியே வைத்திருக்கிறார்கள். அல்நிகோ காந்தத் தண்டு கம்பியை இழுக்கும். 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் தடித்த கம்பியை மீட்டினால் சுருதி தள்ளாடி, ஒரே நேரத்தில் இரண்டு சுரம் கேட்பதுபோல் இருக்கும். கிடாரில் இன்டொனேஷன் (ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் சுருதி) கெட்டுவிட்டது என்று நினைத்துப் பாலத்தை நோண்டுவார்கள். குற்றவாளி பிக்அப்பின் உயரம்.

கேட்டவர்:

அளந்தேன். நெக் தடித்த பக்கம் 1.2 மி.மீ., பிரிட்ஜ் 4 மி.மீ.! நீங்கள் சொன்ன தள்ளாட்டமும் நெக் பிக்அப்பில் இருந்தது, இப்போது போய்விட்டது. புது ஸ்பாஞ்ச் வைத்து இரண்டையும் சொன்னபடி அமைத்தேன், இரண்டின் சத்தமும் சமமாகிவிட்டது.

திறந்தபோதே மல்டிமீட்டரால் பார்த்தேன். பிரிட்ஜ் 7.9 கிலோ ஓம், நெக் 7.6. வால்யூம் பாட்டை அப்படியே அளந்தால் 7.4 கிலோ ஓம் காட்டுகிறது. பாட் கெட்டுப்போயிருக்கிறதா?

இரண்டாமவர்:

பாட் கெடவில்லை. பிக்அப் இணையாக இருப்பதால் மீட்டர் அதையும் சேர்த்துக் காட்டுகிறது. வால்யூம் பாட்டில் பிக்அப் ஒயர் வரும் காலிலிருந்து அந்த ஒயரை மட்டும் ஈயம் உருக்கி எடுத்துவிட்டு, ஓரத்து இரண்டு கால்களுக்கும் இடையே அளந்து பாருங்கள்.

பிக்அப்பைத் திருப்பி அடிப்பக்கமும் பாருங்கள். ஆறு தண்டுகளும் காந்தமாகவே இருந்தால் நல்லது. வெறும் இரும்புத் திருகுகளும் அடியில் பட்டைக் காந்தமும் இருந்தால் அது வேறு சுருள், பி-90 குடும்பம். ஜாஸ்மாஸ்டர் மூடிக்குள் அதை வைத்து விற்பதுண்டு. அதில் நடு ஒலிதான் தடிக்கும், எந்தப் பாட்டும் அதைச் சர்ஃப் ஆக்காது.

கேட்டவர்:

ஆறும் காந்தத் தண்டுகள், அடியில் பட்டை இல்லை. வால்யூம் 238 கிலோ ஓம், டோன் 251.

இரண்டாமவர்:

அகப்பட்டது. அசல் ஜாஸ்மாஸ்டரின் லீட் சர்க்யூட்டில் (சறுக்கு சுவிட்ச் கீழே இருக்கும்போது) வால்யூம், டோன் இரண்டுமே 1 மெக் ஓம். உங்களுடையதில் கால் பங்குதான். கணக்கு இதோ: இரண்டு 250 இணையாக நின்றால் 125 கிலோ ஓம், ஆம்பின் 1 மெக்கையும் சேர்த்தால் 111. இரண்டு 1 மெக் என்றால் 500, ஆம்போடு சேர்த்து 333. மின்தடை கூடினால் பாரம் குறையும், ஆகப் பாரம் மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. முன்பு இரண்டாம் ஜாக்கில் செருகியபோது நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தது 65 கிலோ ஓம் பாரத்தில். போர்வை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

வாங்க வேண்டியவை: லாக் டேப்பர் 1 மெக் பாட் இரண்டு (திருப்பும்போது சத்தம் காதுக்குச் சீராக மாறும் வகை; உடம்பில் ஏ1மெக் என்ற பொருளில் எழுத்தும் எண்ணும் இருக்கும், பி என்றால் லீனியர்), 0.033 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கப்பாசிட்டர் ஒன்று (333 என்று இருக்கும்), 60/40 ஈயம். கடைக்குப் போகும்முன் பிக்கார்டு (கிடார் முகப்பின் பிளாஸ்டிக் தகடு) துளையை அளந்துகொள்ளுங்கள். விலை குறைந்த கிடாரில் பெரும்பாலும் 16 மி.மீ. சின்னப் பாட், துளையும் சின்னது. 24 மி.மீ. பெரிய பாட்டின் கழுத்து 9.5 மி.மீ., அது நுழையாது. துளையைப் பெரிதாக்க ரீமர் அல்லது வட்ட அரம் போதும். டிரில் பிட் பிளாஸ்டிக்கைக் கவ்வி விரிசல் விட்டுவிடும்.

கால்களில் மூன்று நொடிக்கு மேல் சூடு வைக்காதீர்கள். பாட்டின் முதுகில் தரை ஒயர் பற்றவைக்க முதலில் உப்புத்தாளால் தேய்த்து, 40 வாட் அயர்னின் அகன்ற முனையால் சுடவையுங்கள். 25 வாட் ஊசிமுனை அயர்னால் அரை நிமிடம் வறுத்தெடுத்தால் உள்ளே இருக்கும் கார்பன் தடம்தான் போகும்.

முதலாமவர்:

கப்பாசிட்டர் விஷயத்துல நான் சொன்னது தப்பு, சரிதான்.

1 மெக் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு சோதனை, காசு ஆகாது. டோன் பாட்டுக்குப் போற ஒயரை மட்டும் தற்காலிகமா கழட்டிட்டு வாசிச்சுப் பாருங்க. பிக்அப் பாக்குற மின்தடை 111-லிருந்து 200 கிலோ ஓமா ஏறிடும், அதாவது பாரம் குறையும். அந்த மாற்றம் பிடிச்சா 1 மெக் கண்டிப்பா பிடிக்கும்.

கேட்டவர்:

கழற்றிப் பார்த்தேன், அதுதான் அந்த ஒலி. சென்னை ரிச்சி தெருவில் 16 மி.மீ. லாக் 1 மெக் கிடைத்தது, இரண்டையும் மாற்றிவிட்டேன். பிரிட்ஜ் மட்டும், நெக் மட்டும் வைத்தால் அற்புதம். ஆனால் டாகிள் (பிக்அப் தேர்வு சுவிட்ச்) நடுவில், இரண்டும் சேரும்போது ஒலி மூக்கால் பேசுவதுபோல் சுருங்கிவிடுகிறது. முன்பு நடுவில் இரைச்சல் அடங்கும், இப்போது கூடுகிறது. பாட் கோளாறா?

மூன்றாமவர்:

பாட் இல்லை, ஒரு பிக்அப்பின் இரண்டு ஒயரும் இடம் மாறிவிட்டன. ஜாஸ்மாஸ்டரில் ஒரு பிக்அப்பின் சுற்றுத் திசையும் காந்தத் துருவமும் மற்றதற்கு நேரெதிர். இரண்டும் சேரும்போது கம்பியின் ஒலி கூடும், மின் இரைச்சல் கழியும். ஒன்றின் ஒயரை மாற்றிப் போட்டால் எல்லாம் தலைகீழ்: ஒலி கழியும், இரைச்சல் கூடும். நீங்கள் எழுதிய இரண்டு அறிகுறியும் அச்சாக அதுதான்.

கேட்டவர்:

தரை ஒயர்கள் பழைய வால்யூம் பாட்டின் முதுகில் இருந்தன, அதனால் பிக்அப் ஒயர்களையும் எடுத்துவிட்டேன். இரண்டும் ஒரே நிறம். எதை மாற்றினேன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்றாமவர்:

கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. ஏதாவது ஒரு பிக்அப்பின் இரண்டு ஒயரை மட்டும் இடம் மாற்றுங்கள். இரண்டு பிக்அப்பிலும் மாற்றினால் பழையபடிதான். பற்றவைக்கும் முன் சரிபார்க்க: மீட்டரை டிசி 200 மில்லிவோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைச் சிக்னல் ஒயரிலும் கறுப்பைத் தரை ஒயரிலும் பிடியுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் காந்தத் தண்டின் தலையில் வைத்து வெடுக்கென்று எடுங்கள். எடுக்கும் கணத்தில் எண் கூட்டலுக்கோ கழித்தலுக்கோ ஒரு துள்ளு துள்ளும். இரண்டு பிக்அப்பிலும் ஒரே குறி வர வேண்டும்.

கேட்டவர்:

பிரிட்ஜ் ஒயரை மாற்றினேன், நடுவில் ஒலி நிறைந்து வருகிறது, இரைச்சல் அடங்கிவிட்டது. மிக்க நன்றி அண்ணா.

இன்னும் இரண்டு கேள்வி. வால்யூமை 7-க்கு இறக்கினால் ட்ரெபிள் முன்பைவிட வேகமாகப் போகிறது. இன்னொன்று, ஃபெண்டரின் ஜாகுவார் கிடாரில் இருக்கும் அந்த மூன்றாவது சுவிட்சை இதில் வைத்தால் இன்னும் பளிச்சென்று வருமா?

இரண்டாமவர்:

1 மெக்கின் விலை அதுதான். சிக்னல் பாதியாகும் இடத்தில் பாட்டின் வெளியீட்டு மின்தடை 250 கிலோ ஓம். அதற்குப் பின்னால் கேபிளின் 300 பிகோஃபாரட் உட்கார்ந்தால் 2,100 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் சரியத் தொடங்கும். வால்யூம் பாட்டில் பிக்அப் ஒயர் வரும் காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே 680 பிகோஃபாரட் கப்பாசிட்டரையும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் தொடராகப் போடுங்கள். வால்யூம் குறைக்கும்போது ஒலி மெலிந்துபோனால் 470 பிகோஃபாரட். இணையாகப் போடும் முறையும் உண்டு, ஆனால் அதில் பாட் திரும்பும் போக்கே மாறிவிடும், எனக்குத் தொடர்தான் பிடிக்கும்.

ஜாகுவார் 1962-இல் வந்தது. நீங்கள் கேட்கும் சுவிட்ச் சிக்னலின் வழியில் 0.003 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரைத் தொடராகச் சேர்க்கும். கடையில் 332 கிடைக்கும், 0.0033. உங்கள் 333 கிலோ ஓம் பாரத்தோடு அது 145 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டத் தொடங்கும். ட்ரெபிளைக் கூட்டாது, பேஸைக் குறைக்கும். திறந்த தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். சர்ஃபில் மெலடி பாதி நேரம் தடித்த கம்பியில்தான் ஓடுகிறது, அங்கே வெட்டினால் அலையின் எடை போய்விடும். தாளம் வாசிக்க மட்டும் என்றால் வையுங்கள்.

மூன்றாமவர்:

இனி கம்பி. 10 இந்தப் பாலத்துக்கு மெலிது. பாலத்தின் பின்னால் கம்பி சாயும் கோணம் குறைவு என்பதால் மெல்லிய கம்பி சேடிலில் (பாலத்தில் கம்பி உட்காரும் துண்டு) நிற்காமல் கிணுகிணுக்கும். 11-50 போடுங்கள், ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டு) சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் பலர் ஃப்ளாட்வூண்ட் (மேற்பரப்பு தட்டையான கம்பி) போட்டார்கள். அது ட்ரெபிளைக் குறைக்கும், பதிலுக்கு உள்ளங்கை வைத்து அமுக்கி வாசிக்கும்போது ‘டொக்’ என்று ஒரு தெறிப்பு தரும். சர்ஃப் கிடார் கலைஞர் டிக் டேல் வாசித்தது ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர், கம்பி மிகத் தடிமன்.

ரிவெர்பில் அந்தச் சொட்டும் ஒலிக்கு ஸ்பிரிங்கை அதிரவைப்பது பிக் கம்பியில் படும் முதல் அடி. 1961-இல் ஃபெண்டர் தனிப்பெட்டியாக வெளியிட்ட ரிவெர்ப் ஆம்புக்கு முன்னால் நிற்கும், ஸ்பிரிங்குக்குப் போகும் சிக்னலைக் கூட்ட அதில் ‘ட்வெல்’ என்று தனிக் குமிழ் உண்டு. ஆம்புக்குள்ளிருக்கும் ரிவெர்பில் பெரும்பாலும் அந்தக் குமிழ் இருக்காது. தடிமனான பிக்கால், பாலத்தின் அருகே, கையை வைத்து அமுக்கி அடியுங்கள்.

கேட்டவர்:

இப்போது பிரிட்ஜ் மட்டும் வைத்தால் மெல்லிய ஈ கம்பி காதைக் குத்துகிறது. வால்யூம் பாட்டை 500-க்கு மாற்றிவிடவா?

முதலாமவர்:

மாத்தாதீங்க தம்பி. டோனை 7-க்கு இறக்கி ஒரு வாரம் வாசிங்க. அப்பவும் குத்தினா வால்யூம் பாட்டோட ஓரத்து ரெண்டு காலுக்கும் குறுக்கே 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு பத்தவைங்க, பாட் 320 கிலோ ஓம் மாதிரி நடந்துக்கும். பிடிக்கலைன்னா ஒரு காலை வெட்டி விட்டா போதும். பிக்கார்டைப் போட்டு மூடுறதுக்கு முன்னாடி ஆம்புல செருகி, டாகிளோட மூணு இடத்துலயும் ஸ்க்ரூடிரைவரால ரெண்டு பிக்அப்பையும் தட்டிப் பாத்துருங்க. மூடி கம்பி கட்டின பிறகு தப்பு தெரிஞ்சா ஆறு கம்பியையும் திரும்ப அவிழ்க்கணும்.