தேள் கொட்டினதுக்கு அப்புறம் மேல்வயிறு வலி வந்தவங்க இருக்கீங்களா?

தாராவி 90 அடி ரோட்டுல இருக்கோம். போன ஜூன்ல எங்க அத்தான் கர்ஜத் பக்கம் கட்டட வேலைக்குப் போயிருந்தார். முதல் மழை விழுந்த மறுநாள் செங்கல் அடுக்குக்குள்ள கை விட்டிருக்கார். நடுவிரல்ல செந்தேள் கொட்டிடுச்சு.

அரை மணியில சட்டையைப் பிழியிற அளவு வேர்வை, கையும் காலும் சில்லுனு ஆயிடுச்சு. ஆஸ்பத்திரியில விஷமுறிவு ஊசியும் பிரசோசின் மாத்திரையும் கொடுத்தாங்க. ரத்த அழுத்த மாத்திரையான அதைத் தேள்கடிக்குப் பயன்படுத்தலாம்னு 1980கள்ல காட்டினவர் மகாராஷ்டிராவுல மஹாட்ங்கிற ஊர் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். எத்தனை கூலிக்காரங்க வீடு திரும்பினது அவரால!

மறுநாள் ராத்திரி மேல்வயித்துல வலி, முதுகு வரைக்கும் இழுக்குதுன்னார். முன்னால குனிஞ்சு உட்கார்ந்தா கொஞ்சம் தேவலை. அக்கா வடாபாவ் ஒத்துக்கலைன்னு நினைச்சு சோடா வாங்கிட்டு வந்துட்டா. டூட்டி டாக்டரம்மா சோடாவை ஓரமா வெச்சுட்டு ரத்தம் எடுக்கச் சொன்னாங்க. கணையம் சுரக்கிற லைபேஸ்ங்கிற செரிமான நொதி ரத்தத்துல இருக்க வேண்டியதைவிட 3 மடங்குக்கும் மேல. கணையம் வீங்கியிருக்குன்னாங்க.

அவங்க சொன்னது எனக்கு இப்பவும் மறக்கல. விஷத்துல இருக்கிற சின்னச் சின்னப் புரதங்க நரம்போட சோடியம் வாசலை மூட விடாதாம். நரம்பு ஓயாம அசிட்டைல்கோலின்ங்கிற சேதி கடத்துற ரசாயனத்தைக் கொட்டும், கணையமும் ஓயாமச் சுரக்கும். குடலுக்குப் போய்ச் சோத்தைச் செரிக்க வேண்டிய நொதி கணையத்துக்குள்ளயே வேலையை ஆரம்பிச்சிடுது.

செம்பூர்லேருந்து: நான் நர்ஸ். நம்ம ஊர்ச் செந்தேளுக்கு இது அபூர்வம், இதயமும் நுரையீரலும்தான் முதல்ல அடி வாங்கும். டிரினிடாட் தீவுத் தேள் கொட்டினாத்தான் கணையம் அடிக்கடி வீங்கும். மருத்துவ மாணவங்க படிக்கிற கணைய அழற்சிக் காரணப் பட்டியல்ல தேளும் இருக்கு. பிரேசில் மஞ்சள் தேள்ல ஆன்டரியேஸ்னு ஒரு நொதி. செல்லுக்குள்ள நொதிப் பொட்டலங்களை வெளியேத்த உதவுற புரதத்தையே அது வெட்டிடுதுன்னு ஆய்வுல பார்த்திருக்காங்க. அத்தானுக்கு சர்க்கரை பார்த்தாங்களா? விஷத்தால அட்ரினலின் ஏறி இன்சுலின் குறையும்.

சயான்லேருந்து: எங்க அம்மாவுக்கு அப்படித்தான் சர்க்கரை எகிறிச்சு. ரெண்டு நாள்ல தானா இறங்கிடுச்சு.

தாராவி: பார்த்தாங்கக்கா, அவருக்கும் ஏறித்தான் இருந்தது. மூணு நாள் வாயில ஒண்ணும் கொடுக்காம டிரிப்ஸ்தான். நாலாம் நாள் அக்கா கொண்டுபோன கஞ்சியை ரெண்டு டம்ளர் குடிச்சிட்டு, ஊறுகாய் இல்லையான்னு கேட்டார்.