வெலிங்டனுக்குச் சிலை எங்கே?

போன கிழமை திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போய் வரும்போது, பிரட்றிக் கோட்டைக்குள் வெல்லெஸ்லி பங்களாவைக் காட்டி, நெப்போலியனை வாட்டர்லூவில் வென்ற ஆங்கிலத் தளபதி வெலிங்டன் (ஆதர் வெல்லெஸ்லி) 1800 வாக்கில் இங்கேதான் தங்கினார் என்று மகனிடம் சொன்னேன். "அப்ப சிலை எங்கே அப்பா?" என்கிறான். எங்கேயாவது இருக்கிறதா?

பதில் 1:
ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் இருக்கிறது அண்ணா, 1844இல் மரோக்கெட்டி செய்த வெண்கலச் சிலை. குதிரையில் கம்பீரமாகத்தான் இருக்கிறார், ஆனால் தலையில் வீதியில் வைக்கிற செம்மஞ்சள் கூம்பு! கழற்றக் கழற்ற யாரோ இரவில் ஏறி மாட்டிவிடுகிறார்கள். 2013இல் பீடத்தை உயர்த்தப் பார்த்தார்கள், சனம் விடவில்லை.

பதில் 2:
1799இல் திப்புவை வீழ்த்திய படையில் நின்றவருக்கு இங்கே சிலை எதற்கு? கோட்டை வாசலில் பாண்டியர் சின்னமான இரட்டைக் கயல் பொறித்த கல் இருக்கிறது, அதைக் காட்டுங்கள். 1624இல் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களால்தான் கோட்டை கட்டினார்கள்.

கேட்டவர்:
சரி, ஞாயிறு காட்டுகிறேன். இப்போதைக்கு அவனுக்குக் கூம்புதான் பிடித்திருக்கிறது.