'ஐ ஃபீல் லவ்': பெருமை இயந்திரத்துக்கா, மனிதர்களுக்கா?

மின்னலை:
1977-இல் வந்த 'ஐ ஃபீல் லவ்' என்ற டிஸ்கோ ஆட்டப்பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே, அதைப் பாடிய டோனா சம்மரின் குரலைப் புகழ்ந்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். என் கட்சி வேறு. அந்தப் பாட்டின் நாயகன், மின்சாரத்தால் ஒலிகளை உருவாக்கும் மூக் சிந்தசைசர் என்ற கருவிதான். அதுவரை டிஸ்கோ என்றால் வயலின் கூட்டம், ஊதுகருவிகள், பேஸ் கித்தார் என்று ஒரு பட்டாளமே உட்கார்ந்து வாசிக்க வேண்டும். மியூனிக் நகரில் பாட்டின் தயாரிப்பாளர்கள் ஜியோர்ஜியோ மொரோடரும் பீட் பெல்லாட்டும் அத்தனையையும் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு கருவியை முன்னால் கொண்டுவந்தார்கள். 'ஐ ரிமெம்பர் யெஸ்டர்டே' என்ற அந்த இசைத்தட்டில் 1940-களில் தொடங்கிப் பழைய காலங்களின் சாயலில் பாட்டுகள் வரும். கடைசிப் பாட்டு எதிர்காலத்துக்கு. அந்த எதிர்காலத்தை இயந்திரத்தால்தான் காட்ட முடியும் என்று முடிவெடுத்தவர்கள் அவர்களே. அப்படியிருக்க, அதற்குரிய பெருமையை அதற்கே கொடுப்பதில் என்ன தயக்கம்?

செவ்வந்தி:
மின்னலை அவர்களே, அந்தப் பாட்டின் கிக் டிரம்மை, அதாவது காலால் மிதித்து அடிக்கும் பெரிய முரசை, மட்டும் தனியே கவனித்துக் கேளுங்கள். அது மூக் இல்லை. கீத் ஃபோர்ஸி என்ற டிரம்மரின் கால் அது. சிந்தசைசரில் எவ்வளவு முயன்றும் நெஞ்சில் இடிக்கிற அந்தக் கனம் வரவில்லை என்பதால் ஒரு மனிதரை உட்கார வைத்து, தொடக்கம் முதல் முடிவு வரை மிதிக்கச் சொன்னார்கள். 'முழுக்க இயந்திரம்' என்று நாம் கொண்டாடும் பாட்டின் அடித்தளமே மனிதக் கால்தான்!

இன்னொருவரையும் சொல்ல வேண்டும்: ராபி வெடல். அந்த மூக் மொரோடருடையது அல்ல; எபர்ஹார்ட் ஷோனர் என்ற இசையமைப்பாளருடையது. அவருடைய உதவியாளராக அந்தப் பெரிய கருவியுடன் வந்தவர் வெடல். மூக் கருவியில் உள்ள சீக்குவென்சர் என்ற பகுதி ஒரு சுரவரிசையைச் சலிக்காமல் திரும்பத் திரும்ப வாசிக்கும். ஆனால் அதை ஒலிநாடாவில் பதிந்துவிட்டு, அதன்மேல் இன்னொரு வரிசையைச் சேர்க்கப் போனால் இரண்டும் மெல்ல மெல்ல விலகிப்போகும். வெடல் நாடாவின் 16 தடங்களில் ஒன்றில் வெறும் துடிப்பை மட்டும் பதிந்தார். அடுத்தடுத்துச் சேர்க்கும் ஒவ்வொரு வரிசைக்கும் அந்தத் துடிப்பே மூக் கருவியை ஓட்டும்படி இணைத்தார். அதனால்தான் அத்தனை அடுக்குகளும் இம்மி பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. மொரோடருக்கே அதுவரை தெரியாத வித்தை அது. தானாக ஒத்துழைக்கத் தெரியாத கருவியை ஒத்துழைக்க வைத்தது ஒரு மனித மூளை.

பழைய_கேசட்:
இருவருமே இந்தப் பாட்டைத் தேவைக்கு மேல் தூக்கி வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1974-இலேயே ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் இசைக்குழு 'ஆட்டோபான்' மூலம் மின்னிசையை வானொலிக்குக் கொண்டுவந்துவிட்டது. மொரோடரே 1970-களின் தொடக்கத்தில் 'சன் ஆஃப் மை ஃபாதர்' பாட்டில் மூக் கருவியைப் பயன்படுத்தியவர். 'ஐ ஃபீல் லவ்' வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. வெளியிட்ட நிறுவனமே இதை முதலில் 'கான்ட் வீ ஜஸ்ட் சிட் டவுன்' என்ற மெதுவான பாட்டு வந்த இசைத்தட்டின் பின்பக்கத்தில்தான் போட்டது. உருவாக்கியவர்கள் பக்கத்திலேயே அவ்வளவு நம்பிக்கை இல்லாத ஒன்றை நாம் இன்று புரட்சி என்கிறோம்.

மின்னலை:
பின்பக்கத்தில் கிடந்த பாட்டு தன் பலத்தால் முன்பக்கத்துக்கு வந்ததே, அது யார் செய்த வேலை? இரவு விடுதிகளில் ஆடியவர்கள் அதைத்தான் கேட்டார்கள். 1977 ஜூலையில் பிரிட்டனில் முதலிடம் பிடித்து நான்கு வாரம் அங்கேயே நின்றது. அமெரிக்காவில் ஆறாம் இடம் வரை போனது. அப்போது பெர்லினில் பாடகர் டேவிட் போவியுடன் வேலை செய்துகொண்டிருந்த இசைக்கலைஞர் பிரையன் ஈனோ, இந்த இசைத்தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்து, எதிர்காலத்தின் ஒலியைக் கேட்டுவிட்டேன் என்று சொன்னதைப் போவியே பதிவு செய்திருக்கிறார். கிராஃப்ட்வெர்க் மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் 'ஆட்டோபான்' உட்கார்ந்து கேட்கிற இசை. உடம்பை எழுப்பி ஆட வைத்த முதல் பெரிய இயந்திர இசை இதுதான்.

செவ்வந்தி அவர்களே, ஃபோர்ஸியின் காலை ஏற்கிறேன். ஆனால் அவரிடம் கேட்கப்பட்டது என்ன? இயந்திரம்போல் மிதிக்க வேண்டும் என்பதுதானே! மனிதரே இயந்திரத்தின் ஒழுங்குக்குள் வந்து நின்ற பாட்டு இது.

அந்த பேஸ் வரிசையை, அதாவது அடியில் ஓடும் கனத்த சுரங்களை, பாருங்கள். இடது பக்க ஒலிபெருக்கியில் சுரங்கள் தாளத்தின் மேலேயே விழுகின்றன. வலது பக்கத்தில் அதே சுரங்கள் நூலிழை தாமதமாக எதிரொலிக்கின்றன. இரண்டும் சேரும்போதுதான் அந்த நிற்காத ஓட்டம் கிடைக்கிறது. எந்த பேஸ் கலைஞராலும் ஆறு நிமிடம் தளராமல் அப்படி வாசிக்க முடியாது.

செவ்வந்தி:
அந்த எதிரொலியை அங்கே வைக்க வேண்டும் என்று தீர்மானித்ததும் ஒலிப்பதிவு அறையில் இருந்த காதுகள்தான். தளராமல் என்கிறீர்கள். அந்த மூக் எவ்வளவு தளர்ந்தது தெரியுமா? சூடேறச் சூடேறச் சுருதி விலகும். கொஞ்சம் பதிவது, நிறுத்துவது, சுருதி சேர்ப்பது, மறுபடி பதிவது என்று துண்டு துண்டாகத்தான் முடித்தார்கள். நமக்குக் கேட்கிற ஒழுங்கு முழுவதும் மனிதர்களின் பொறுமை.

இனி டோனாவுக்கு வருகிறேன், எனக்கு ஆதங்கமே அங்கேதான். பாஸ்டனில் தேவாலயப் பாடகியாக வளர்ந்தவர். 'ஹேர்' நாடகத்துக்காக 1968-இல் மியூனிக் போனவர். அடிவயிற்றிலிருந்து முழங்கத் தெரிந்த தொண்டை அவருக்கு. இந்தப் பாட்டில் அதை வேண்டுமென்றே அடக்கி, மேல்ஸ்தாயியில், காற்றில் மிதக்கிற தலைக்குரலில் பாடினார். கீழே இரும்பு ஓடிக்கொண்டிருக்க, மேலே ஒரு பெண் எதிலும் ஒட்டாமல் மிதக்கிறாள். அந்த விலகல்தான் பாட்டுக்கு உயிர். முழங்கியிருந்தால் இயந்திரத்தோடு சண்டை போடுவதாக ஆகியிருக்கும். வெறும் குரல் கொடுத்துவிட்டுப் போனவரும் அல்ல; பாட்டை எழுதிய மூவரில் ஒருவராக அவர் பெயர் இருக்கிறது. வரிகளை எழுத வீட்டுக்கு வந்த பெல்லாட்டை உட்கார வைத்துவிட்டு, தன் காதல் விஷயமாக ஜோதிடரிடம் நெடுநேரம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார் என்று பெல்லாட் பின்னாளில் சொன்னார். அந்த மயக்கம் அந்தச் சில வரிகளில் இருக்கத்தான் செய்கிறது.

பழைய_கேசட்:
குரல் விஷயத்தில் செவ்வந்தி சொல்வதை ஏற்கிறேன். இசைக்கருவிகளின் தடத்தை மட்டும் ஓடவிட்டால் மூன்றாம் நிமிடத்தில் அலுத்துவிடும். மற்றபடி என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

வடகரை:
மூவரும் ஒலிப்பதிவு அறையை விட்டு வெளியே வரவில்லையே! இந்தப் பாட்டைச் சுமந்துசென்றவர்கள் அமெரிக்க நகரங்களின் ஓரினச் சேர்க்கையாளர் விடுதிகளில் ஆடிய இளைஞர்கள். சான் பிரான்சிஸ்கோவில் பேட்ரிக் கௌலி என்பவர், எவரும் கேட்காமலே, தன் சிந்தசைசரை இதன்மேல் சேர்த்து 15 நிமிடங்களுக்கு மேல் நீள்கிற வடிவம் ஒன்றை 1978-இல் செய்தார். டிஜேக்களிடம் கைமாறிக்கொண்டிருந்த அது 1982-இல்தான் முறையாக வெளியானது. அதே ஆண்டு நவம்பரில் எய்ட்ஸ் நோயால் கௌலி இறந்தார். 32 வயது. அந்த நோய் அந்த ஆடுதளங்களிலிருந்து எத்தனை பேரைக் கொண்டுபோனது! பின்னால் வந்த ஹவுஸ், டெக்னோ என்ற மின்னணு ஆட்ட இசை வகைகள் எல்லாம் அந்தத் தளங்களின் வழியாக வளர்ந்தவை. பெருமையைப் பங்கு வைக்கும்போது அவர்களை விட்டுவிடாதீர்கள்.

செவ்வந்தி:
நன்றி வடகரை. இந்த விவாதத்தில் விடுபட்டிருந்தது அதுதான்.

மின்னலை:
கௌலியும் கடைசியில் எடுத்தது சிந்தசைசரைத்தானே! மனிதர்கள் இல்லாமல் இது நடந்தது என்று நான் சொல்லவே இல்லை. வெடல், ஃபோர்ஸி, டோனா எல்லாரும் பெரியவர்கள். ஆனால் இவர்களை இதற்கு முன் போகாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது அந்தக் கருவி. பழைய_கேசட் அவர்களே, இன்று இரவு ஹெட்போனின் வலது காதை மட்டும் மாட்டிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். பேஸ் வரிசையில் தாமதமாக விழும் அந்த எதிரொலிதான் அந்தப் பக்கம் கேட்கும். மூன்றாம் நிமிடத்தில் அலுக்கிறதா என்று நாளை எழுதுங்கள்.