ஐபிவி6 போட்டால் சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. வீட்டு ஃபைபர் இணைப்பு பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) வழியாக வருவதால் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் (தரவுத் துண்டின்) அதிகபட்ச அளவு, 1492 பைட். ரௌட்டரில் ஐபிவி6-ஐ (இணைய முகவரி முறையின் புதிய பதிப்பு) இயக்கிய நாளிலிருந்து ஒரே தொல்லை. யூடியூப் நன்றாக ஓடுகிறது. அம்மாவின் பேங்க் பக்கம் மட்டும் வெள்ளையாகவே நிற்கிறது, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஐபிவி6-ஐ அணைத்தால் உடனே திறக்கிறது.

ஐபிவி6-இல் நடுவழி ரௌட்டர்கள் பாக்கெட்டை உடைக்காது. "பாக்கெட் பெரிதாக இருக்கிறது" என்று ஐசிஎம்பிவி6 (பிழைகளைத் தெரிவிக்கும் நெறிமுறை) செய்தியைத்தான் அனுப்புபவருக்குத் திருப்பி அனுப்பும். அந்தச் செய்தியை வழியில் யாரோ தடுக்கிறார்கள், அதனால் பேங்க் தளத்துக்குச் சிறிய பாக்கெட்டாக அனுப்பத் தெரிவதில்லை என்று நினைக்கிறேன். லேப்டாப்பில் எம்டியுவை 1492 ஆக மாற்றினேன், எல்லாமே திறந்தது! ஆனால் அம்மாவின் போனில் அப்படி மாற்ற வழியில்லை.

இணைய நிறுவனம் கொடுத்த ரௌட்டரில் எம்எஸ்எஸ் கிளாம்பிங் (இணைப்பு தொடங்கும்போதே பாக்கெட் அளவைக் குறைக்கச் சொல்வது) அமைப்பே இல்லை. ஓபன்டபிள்யூஆர்டி (ரௌட்டருக்கான திறந்த மூல மென்பொருள்) போட்ட பழைய ரௌட்டர் ஒன்று இருக்கிறது. அதை நிறுவன ரௌட்டருக்குப் பின்னால் மாட்டி, ரௌட்டர் அறிவிப்பிலேயே (வீட்டுக் கருவிகளுக்கு ரௌட்டர் தானாக அனுப்பும் ஐபிவி6 விவரம்) எம்டியு 1492 என்று சொல்லவைத்தால் போதுமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? அப்புறம், வாடிக்கையாளர் சேவையில் "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்பதைத் தாண்டி இதைப் புரியவைக்க என்ன சொல்ல வேண்டும்? ஐபிவி6-ஐ அணைத்துவிட்டு இருக்க எனக்கு மனமில்லை.